ரைஃபிள் தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்பத் தயார் செய்வது எப்படி? .308 வின்செஸ்டருக்கு ஒரு முழு வழிகாட்டி

சுட்டு முடித்த தோட்டாவில் புல்லட் போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும், அடியிலிருந்து அதற்குத் தீ மூட்டும் ப்ரைமர் வெடித்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். தோட்டாவிலேயே விலை அதிகமான உறுப்பும் பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் அதைப் பொறுக்கி எடுத்துவந்து, சரிசெய்து, திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே சொந்த உபயோகத்துக்காக நிரப்பிக்கொள்ளக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே, சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி.

மருந்தின் அளவைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்குத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேடுகள் இருக்கின்றன, அவற்றை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். நாம் பார்க்கப்போவது அதற்கு முந்தைய வேலையை: கூட்டைச் சோதிப்பது, அளவுக்குக் கொண்டுவருவது, நீளம் வெட்டுவது, பிசிறு எடுப்பது. உதாரணத்துக்கு 1952இல் வந்த .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். வேறு அளவாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதலில் கூடு ஏன் நீள்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் வெட்டும் கருவியைக் கையில் எடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

தோட்டா வெடிக்கும்போது கூட்டின் மெல்லிய முன்பகுதி உப்பி, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகத்தால் அப்படிப் பிடிக்க முடியாது. அது பின்னால் நகர்ந்து, அறையைப் பின்புறமிருந்து மூடும் போல்ட்டில் போய் முட்டும். முன்பாதி நிற்க, பின்பாதி நகர்வதால் இரண்டுக்கும் நடுவில், அடியிலிருந்து சற்று மேலே, சுவர் இழுபட்டு மெலிகிறது. அப்புறம் அந்தக் கூட்டை டை என்ற அச்சுக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருகிறோம். உப்பிய பித்தளையைச் சுற்றிலும் நெருக்கினால் அது போவதற்கு மேலே மட்டும்தான் வழி. உடம்பு கழுத்தாக ஒடுங்கும் சரிவான தோள் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, கழுத்து நீள்கிறது.

ஆக, வாயில் நாம் வெட்டியெறியும் பித்தளை அடிச்சுவரிலிருந்து வந்தது. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் கீழே சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது. வெட்டினால் நீளம் சரியாகும், மெலிந்த சுவர் திரும்ப வராது. அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறது என்றால், கூடு தேவைக்கு மேல் இழுபடுகிறது என்று பொருள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

நீளம் மிஞ்சினால் என்ன ஆகும்? கூட்டின் வாய், அறையின் முடிவில் உள்ள குறுகலான இடத்தில் போய் முட்டும். அங்கே வாய் விரிந்து கொடுக்க இடமில்லாததால் புல்லட்டை இறுகக் கவ்விக்கொள்ளும். புல்லட் உடனே விடுபடாவிட்டால் அழுத்தம் எகிறும். கையேட்டில் உள்ள பத்திரமான மருந்தளவே ஆபத்தான அளவாகிவிடும். நீளத்தை வெட்டச் சொல்வது அழகுக்காக இல்லை.

பிரித்தெடுப்பதும் பார்வையிடுவதும்

சுடும் திடலிலிருந்து வந்த கூடுகளை மேசையில் கொட்டி, அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துப் பிரியுங்கள். .308இலிருந்து பிறந்த .243 வின்செஸ்டர் கூட்டுக்கும் அடி ஒரே அளவுதான். அவசரத்தில் கலந்துவிட இடமுண்டு. ஒரே அளவாக இருந்தாலும் தயாரிப்பாளர் வாரியாகத் தனித்தனியே வையுங்கள். சுவரின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், உள்ளே இருக்கும் கொள்ளளவும் மாறும். எல்.சி. என்ற முத்திரை இருந்தால் அது மிசௌரி மாநிலத்தில் உள்ள லேக் சிட்டி ராணுவத் தோட்டா ஆலையின் சரக்கு. .308ஐ ஒத்த 7.62 மில்லிமீட்டர் ராணுவக் கூடுகள் பொதுவாகத் தடித்த சுவர் கொண்டவை, உள்ளே இடம் குறைவு. வணிகக் கூட்டுக்கான மருந்தளவை இவற்றில் அப்படியே போடக்கூடாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட ராணுவக் கூடு என்று தெரிந்தால் நான் தொடவே மாட்டேன். அவற்றின் அறை தாராளமானது, கூடு முதல் சுற்றிலேயே நிறைய இழுபட்டிருக்கும்.

அடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. இதை மறுபடி நிரப்பலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை. ஒதுக்கிவிடுங்கள், அதில் ப்ரைமரைத் தள்ளப்போனால் டையின் ஊசிதான் முறியும்.

கழுத்தில் வெடிப்பு, வாயில் கீறல், ப்ரைமரைச் சுற்றிக் கருகிய புகைத்தடம், உடம்பில் ஆழமான நசுங்கல் எதைப் பார்த்தாலும் கழித்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிபவை இவை. கண்ணை ஏமாற்றுவது அடிச்சுவரின் மெலிவுதான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். நிமிர்த்தி, நுனியில் சிறிதளவு மட்டும் செங்கோணமாக மடக்கி, அந்தக் கொக்கியை லேசாகக் கூராக்கிக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, கொக்கியைச் சுவரோடு ஒட்டியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் கொக்கி வழுவழுவென்று ஏறி வரும். மெலிந்த கூட்டில், அடியைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் டக்கென்று இறங்கி, மறுபடி ஏறும். விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் வெளியே பளபளவென்று ஒரு வளையமும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ கூடு அங்கேயே இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள் சிக்கும், சூடான வாயு பின்னால் சீறும். டையின் விளிம்பு பட்டும் வெளியே ஒரு பளபளப்பு வருவதுண்டு. அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல் கிளிப்பை நம்புங்கள். இது இரண்டாவது முறை வெட்டும்போதிலிருந்து ஒவ்வொரு கூட்டுக்கும் கட்டாயம்.

சுத்தம் செய்தல்

டைக்குள் மணல் போனால் டையிலும் கோடு விழும், அதற்குப் பின் வரும் கூடுகளிலும் கோடு விழும். அதற்காகத்தான் முதலில் சுத்தம். அதிர்வுத் தொட்டியில் மக்காச்சோளக் கதிர்த்தக்கைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு ஓடவிடுவது ஒரு வழி. தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சிட்ரிக் அமிலம் கொஞ்சம், துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் போட்டு உருட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதில் கூடு புதிதுபோல் ஆகிவிடும். ஆனால் காயவைப்பது பெரிய வேலை, ஊசி ஒன்று உள்ளேயே தங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். பளபளப்பு குறிக்கு எதையும் கூட்டாது. அழுக்கும் மணலும் போனால் போதும் என்பதே என் கட்சி.

ப்ரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த தூளைச் சலிக்கும்போது எழும் தூசியிலும் அது இருக்கும். வெளியில் வைத்துச் சலியுங்கள், கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் சமையலறைத் தொட்டியில் இதைக் கழுவவே கூடாது.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்கள் வேண்டாம். இதற்குப் பின்னால் நம் நாட்டுக் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, மழைக்காலத்தில் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. சுட்டதும் இல்லை, அடிபட்டதும் இல்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும், வார்த்து இழுத்தபோது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவானது. கூட்டுக்குப் பயன்படும் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அன்று அதைப் பிளந்த அம்மோனியா இன்றும் பிளக்கும்.

பதம் இறக்குதல்

பித்தளைக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் விறைத்துப்போய் முறியும் இல்லையா, கூட்டின் கழுத்துக்கும் அதே கதிதான். சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது. சில சுற்றுகளில் கழுத்து இறுகிப்போய் வெடிக்கும். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடுகாட்டி மென்மையாக்கினால் ஆயுள் கூடும். செய்வதானால் டையில் அழுத்துவதற்கு முன்பே செய்யுங்கள்.

சிறு கேஸ் டார்ச்சின் தீயில் கழுத்து படும்படி கூட்டைச் சுழற்ற வேண்டும். சில நொடி வேலைதான். இருட்டில் வாய் மிக மங்கலாகச் சிவக்கத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். பளிச்சென்று சிவந்துவிட்டால் கூடு வீண். வெப்பம் தெரிய டெம்பிலாக் என்ற பூச்சு கிடைக்கிறது. குறித்த வெப்பம் வந்ததும் உருகிக் காட்டும். கழுத்தின் உள்ளே 750 பாரன்ஹீட் பூச்சு, தோளுக்குக் கீழே உடம்பில் 450 பாரன்ஹீட் பூச்சு என்று இரண்டும் வைத்துப் பழகுங்கள். கீழே உள்ளது உருகினால் சூடு அதிகம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடிப்பாகம் ஒருபோதும் மென்மையாகக் கூடாது. அழுத்தம் முழுவதையும் தாங்கி நிற்பது அதுதான். சூடுகாட்டிய கூட்டைத் தண்ணீரில் போட்டால் இரும்புபோல் பித்தளையும் இறுகிவிடும் என்று பயப்பட வேண்டாம், தண்ணீர் சூடு பரவுவதை மட்டும் நிறுத்துகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சில சுற்றுகளுக்கு இந்தப் படியையே விட்டுவிடலாம்.

டையில் அழுத்துதல்

கூட்டுக்கு மசகு தடவாமல் டைக்குள் விட்டால் சிக்கிக்கொள்ளும். எடுப்பதற்குத் துளைபோட்டு மரைபோட்டு இழுக்க வேண்டியிருக்கும். மெழுகு வகை மசகை விரல்நுனியில் எடுத்து உடம்பின் கீழ்ப்பாதியில் மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். தோளில் பூசாதீர்கள். அங்கே எண்ணெய் தேங்கினால் தப்பிக்க வழியில்லாமல் பித்தளையை உள்ளே குழியாக அமுக்கிவிடும். கழுத்தின் உள்ளே நைலான் பிரஷால் ஒருமுறை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். டையின் நடுத்தண்டில் உள்ள குமிழ் வெளியே வரும்போது கழுத்தை இழுத்துக்கொண்டு வராமல் இருக்க அது உதவும். அந்த இழுப்பும் நீளத்தைக் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

முழு அளவு டையின் ஊசி, அழுத்தும்போதே பழைய ப்ரைமரையும் தள்ளிவிடும். லாபுவா நிறுவனத்தின் சில கூடுகளில், உதாரணமாக சிறிய ப்ரைமர் போடும் .308 பால்மா கூட்டில், துளை 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான துளை 2 மில்லிமீட்டர். அதற்கு மெல்லிய ஊசி தனியாக வாங்க வேண்டும்.

இனி இந்த வழிகாட்டியின் மையமான இடம். டையை எவ்வளவு தாழ்த்தி வைப்பது? டை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டி, அப்புறம் கொஞ்சம் திருகு என்பதுதான் டையோடு வரும் குறிப்பில் பொதுவாக இருக்கும். அது எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது. அப்படி வைத்தால் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போகும். அடுத்த முறை சுடும்போது அந்த இடைவெளி முழுவதையும் அடிச்சுவர் இழுபட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

அதற்குப் பதிலாக, காலிப்பரில் மாட்டும் கம்பேரேட்டர் ஒன்று வாங்குங்கள். உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டை ப்ரைமரை எடுத்துவிட்டு, அடியிலிருந்து தோளின் குறிப்பிட்ட புள்ளிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாகத் தாழ்த்தி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். போல்ட் ரைஃபிளுக்கு, சுட்ட கூட்டை விட 0.001 முதல் 0.002 அங்குலம்வரை தோள் பின்னால் போனால் போதும். தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு 0.003, 0.004 அங்குலம் விடுவது வழக்கம், அதில் தோட்டா தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். தொடக்கத்தில் தோள் பின்னால் போவதற்குப் பதிலாக முன்னால் வருவதுபோல் எண் காட்டும். உடம்பை நெருக்குவதால் வரும் விளைவு அது. பதறாமல் தாழ்த்திக்கொண்டே போங்கள். சரியான இடம் வந்ததும் டையின் வளையத்தைப் பூட்டிவிடுங்கள்.

இந்த ஒரு அமைப்பைச் சரியாகச் செய்தவருக்கு நீளம் வெட்டும் வேலை நன்றாகக் குறையும். விலை உயர்ந்த வெட்டும் இயந்திரத்துக்குச் செலவழிப்பதற்கு முன் கம்பேரேட்டருக்குச் செலவழியுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

அளந்து, வெட்டுதல்

நீளத்தை டையில் அழுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். சுட்ட கையோடு அளந்தால் கூடு குட்டையாகத் தெரியும், டையிலிருந்து வந்ததும் நீண்டிருக்கும். முன்பே வெட்டிவிட்டு அப்புறம் டையில் விடுகிறவர்கள் இரண்டு முறை உழைத்தும் சமமான நீளம் கிடைக்காமல் தவிப்பார்கள். மசகைத் துடைத்துவிட்டு அளந்து பாருங்கள். காலிப்பரின் தாடைகளையும் துடைத்து, மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. .308 கூட்டுக்கு அது வகுத்த உச்ச நீளம் 2.015 அங்குலம், அதாவது 51.18 மில்லிமீட்டர். வெட்டி நிறுத்த வேண்டிய நீளம் என்று கையேடுகள் தருவது 2.005 அங்குலம். .223 ரெமிங்டனுக்கு இந்த இரண்டும் 1.760, 1.750. .30-06க்கு 2.494, 2.484. 6.5 கிரீட்மூருக்கு 1.920, 1.910. எல்லாவற்றிலும் உச்சத்துக்குக் கீழே 0.010 அங்குலம்.

2.015ஐத் தாண்டியவற்றை மட்டும் வெட்டினால் பாதுகாப்புக்குப் போதும். வாயைப் புல்லட்டின் மீது கவ்வவைத்து இறுக்கும் பழக்கம் உள்ளவர்கள் எல்லாக் கூடுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் இறுக்கம் கூடும், ஒன்றில் குறையும். 2.005ஐ விடச் சற்றுக் குட்டையாக ஒன்றிரண்டு இருந்தால் அவற்றுக்காக மற்றவற்றைக் குறைக்க வேண்டாம், 1.995வரை தர அளவுக்குள்தான்.

கருவிகளில் மலிவானது லீ நிறுவனத்தின் அளவுத்தண்டும் வெட்டியும். தண்டின் நுனி ப்ரைமர் துளை வழியாகப் போய் அடியில் முட்டி நிற்கும், நீளம் தானாகவே அமையும். மாற்ற முடியாது என்பது குறையும்தான், நிறையும்தான். அடுத்தது சிறு கடைசல் போன்ற கைச்சுழற்சி வகை: ஃபார்ஸ்டர், ஆர்.சி.பி.எஸ்., லைமன் எல்லோரும் செய்கிறார்கள். மூன்றாவது, துளைபோடும் இயந்திரத்தில் மாட்டி, கூட்டைத் தோள்வரை உள்ளே தள்ளி வெட்டும் வகை. வேகம் அதிகம். ஆனால் அது தோளிலிருந்து அளப்பதால், டையில் தோள் சமமாக அமைந்திருந்தால்தான் நீளமும் சமமாக வரும்.

கடைசல் வகையில் வெட்டுவது இப்படி. கழுத்துக்குள் போகும் வழிகாட்டித் தண்டு .30 அளவுதானா என்று பாருங்கள். தண்டு இறுக்கமாகப் போனால் கட்டாயப்படுத்தாதீர்கள், கழுத்து டையில் சரியாக விரியவில்லை என்று பொருள். ஒரு கூட்டைப் பிடித்துப் பூட்டி, தடுப்பு வளையத்தைத் தாராளமாக வைத்து, கொஞ்சமாக வெட்டி, வெளியே எடுத்து அளந்து, நுண்திருகைச் சரிசெய்து, 2.005 வரும்வரை இதே கூட்டிலேயே நெருங்குங்கள். வந்ததும் பூட்டிவிடுங்கள்.

கைப்பிடியைச் சுற்றும்போது லேசான, ஒரே மாதிரியான அழுத்தம் போதும். முதல் சுற்றில் வாயைக் கவனியுங்கள். பெரும்பாலும் வட்டம் முழுவதும் பளிச்சென்று ஆகாது, ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் மின்னும். கூட்டின் வாய் ஒரே மட்டமாக இல்லை என்பது அப்போதுதான் தெரியும். சுற்றச் சுற்ற அந்தப் பிறை நீண்டு வளையமாக மூடும், பித்தளைச் சுருள் சன்னமாகிக்கொண்டே வந்து நின்றுவிடும், கையில் தட்டும் அதிர்வும் அடங்கிவிடும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலும் அழுத்தினால் கூடுதான் பிடியில் நகரும். கூட்டை எடுத்துக் கவிழ்த்துத் தட்டி உள்ளே விழுந்த சுருள்களை வெளியேற்றுங்கள். பத்துக்கு ஒன்றாவது மறுபடி அளந்து பார்க்க வேண்டும், வளையம் மெல்ல நழுவுவது உண்டு.

பிசிறு எடுத்தல்

வெட்டிய வாயில் உள்ளேயும் வெளியேயும் பிசிறு நிற்கும். இப்படியே விட்டால் புல்லட்டின் செம்பு உறையைச் சீவிவிடும். இரட்டைமுனைக் கருவியால் உள்ளே இரண்டு மூன்று திருப்பு, வெளியே இரண்டு திருப்பு. விரல் நுனியில் உராய்ந்து பார்த்தால் வழுவழுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவே. கத்தி முனைபோல் கூராகும்வரை சீவினால் வாய் பலவீனமாகி, அங்கிருந்தே வெடிப்பு தொடங்கும். நீண்டு ஒடுங்கிய அடியுள்ள போட்டி புல்லட்டுகளுக்கு உள்சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும் கருவி தனியாகக் கிடைக்கிறது.

ப்ரைமர் குழி

கரியைச் சுரண்டி எடுங்கள். ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றி ஒரு வளையம் அமுக்கப்பட்டிருக்கும். அதை நீக்காமல் புது ப்ரைமர் உள்ளே போகாது, நசுங்கும். அமுக்கி விரிக்கும் கருவியோ சீவும் கருவியோ எடுத்துக்கொள்ளலாம். சீவுகிறவர்கள் வளையம் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதிகம் சீவினால் குழி தளர்ந்துவிடும். இது ஒருமுறை செய்தால் போதும். பின்னாளில் ப்ரைமர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே சறுக்கினால் அந்தக் கூட்டின் காலம் முடிந்தது.

உள்ளே துளையின் பிசிறு எடுப்பது, குழியின் ஆழத்தை ஒரே சீராக்குவது, கழுத்துச் சுவரைச் சுற்றிச் சீவுவது எல்லாம் நெடுந்தூரப் போட்டிக்காரர்களுக்கு. மான் வேட்டைக்குப் போகிறவர் அந்த நேரத்தைச் சுடும் பயிற்சிக்குக் கொடுக்கலாம்.

கடைசிச் சோதனை

மசகை முழுவதும் கழுவியோ துடைத்தோ எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கூடு அறையின் சுவரைப் பிடிக்காமல் வழுக்கும், போல்ட்டின் மீது விழும் சுமை கூடும். உள்ளே ஈரம் இருந்தால் மருந்தும் கெடும். எனவே நன்றாக உலரவிடுங்கள்.

ஒவ்வொன்றையும், கூட்டின் அளவைச் சோதிக்கும் கேஸ் கேஜில் போட்டுப் பாருங்கள். எல்.இ. வில்சன் செய்யும் வகையில் இரு முனைகளிலும் இரண்டிரண்டு படிகள் வெட்டியிருக்கும். அடி கீழ்ப்படிகளுக்கு நடுவிலும் வாய் மேல்படிகளுக்கு நடுவிலும் நின்றால் கூடு சரி. அப்புறம் நாலைந்து கூடுகளை உங்கள் துப்பாக்கியிலேயே போட்டு போல்ட்டை மூடிப் பாருங்கள், வெறும் கூடுகளாக.

கட்டுக்கட்டாகப் பெட்டியில் போட்டு, மேலே தயாரிப்பாளர் பெயர், எத்தனை முறை சுட்டது, எத்தனை முறை வெட்டியது என்று எழுதி ஒட்டுங்கள். எத்தனை முறை சுட்டது என்பதை விட எத்தனை முறை வெட்டியது என்பதே எனக்கு முக்கியம். நாலைந்து முறை வெட்டிய கூட்டைக் கழித்துவிடுவது தோட்டா நிரப்பிப் பழகிய பழைய ரீலோடர்களின் வழக்கம், பேப்பர் கிளிப் அதற்கு முன்பே பள்ளம் காட்டினால் அப்போதே. கழித்த கூட்டின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளை டப்பாவில் போடுங்கள். நசுக்காமல் போட்டால் யாராவது நல்ல கூடு என்று எடுத்து மறுபடி நிரப்பிவிடுவார்கள்.